தெருவில் தங்குபவருக்குத் துணை நிற்பது எப்படி: நெல்லைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜங்ஷன் ரயில் நிலைய வாசலிலும், வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலும், நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளிலும், குறுக்குத்துறை படித்துறையிலும் இரவில் படுத்திருப்பவர்களைப் பார்த்து ‘ஏதாவது செய்யணுமே’ என்று நினைக்காதவர்கள் குறைவு. நினைத்தவர்கள் சோற்றுப் பொட்டலமும் போர்வையும் கொடுக்கிறார்கள், கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடுகிறார்கள். ஒருவரிடம் என்ன இல்லை என்று பார்த்து ஆரம்பித்தால் இப்படித்தான் முடியும். அந்தப் பட்டியல் தீரவே தீராது. அவரிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கைத்தொழில், ஊர்ப் பழக்கம், பக்கத்தில் படுத்திருப்பவர் அவர்மேல் வைத்த நம்பிக்கை, பத்திரப்படுத்தி வைத்த ஒரு காகிதம் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். ஆதாரும் ஓய்வூதியமும் வேலையும் அங்கிருந்துதான் நகரும்.

ஒரு சமயத்தில் ஒருவருக்கு மட்டும் செய்யுங்கள். ஆவணம் எதுவும் இல்லாதவர் என்றால் ஆறு மாதம்கூட ஆகலாம். போட்டோ, ஜெராக்ஸ், இ-சேவைக் கட்டணம், பஸ் செலவு எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பணத்தைவிட வாரத்தில் ஒரு காலைப்பொழுது உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

1. படுத்திருப்பவர் எல்லாரும் வீடில்லாதவர் இல்லை

ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வளாகத்தில் பாய் விரித்திருப்பவர்களில் பலர், உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள். தென்காசி, வள்ளியூர், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து வார்டுக்கு வெளியே தங்கியிருப்பார்கள். தை, மாசியில் ரோட்டோரம் படுத்திருப்பவர் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவராக இருக்கலாம். ரயிலுக்குக் காத்திருக்கும் வடமாநிலத் தொழிலாளியும் உண்டு. இவர்களிடம் போய்ப் பொட்டலத்தை நீட்டினால் மனசு நோகும். ஒரே இடத்தை நாலைந்து நாள் விட்டுவிட்டுப் பாருங்கள். திரும்பத் திரும்ப அதே மூலையில் இருப்பவர் யார் என்று தெரிந்துவிடும். பக்கத்து டீக்கடைக்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் உங்களைவிட நன்றாகவே தெரியும்.

2. முதல் இரண்டு வாரம் கையில் எதையும் கொண்டுபோகாதீர்கள்

பையோடு போனால் பேச்சு பையைப் பற்றியே இருக்கும். இரவு எட்டரையிலிருந்து பத்துக்குள் போங்கள். கடை அடைத்து, படுக்கும் இடத்துக்கு வந்து, இன்னும் தூங்காத நேரம் அது. தூங்குபவரை எதற்காகவும் எழுப்பாதீர்கள். தெருவில் தூக்கம் சுலபமாக வருவதில்லை. பகல் முழுக்க விரட்டப்பட்டவருக்கு அந்த நாலு மணி நேரம்தான் ஓய்வு.

நின்றுகொண்டு குனிந்து பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். வயதுக்குத் தக்கபடி அண்ணாச்சி, ஐயா, ஆச்சி, அக்கா என்று கூப்பிடுங்கள். மேலப்பாளையம் பக்கம் என்றால் பாய், உம்மா. எவ்வளவு கிழிந்த சாரம் (கைலி) கட்டியிருந்தாலும் ‘நீ, வா, போ’ வேண்டாம். ‘ஏன் இங்க வந்தீங்க, வீட்ல யாரும் இல்லையா’ என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். அதற்குப் பொய்தான் பதிலாக வரும், அப்படி வருவதில் தப்பும் இல்லை. ‘அண்ணாச்சி, எந்தப் பக்கம்? என்ன சோலி பாத்திய?’ என்று கேளுங்கள். தான் பார்த்த வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் எந்த மனிதருக்கும் முதுகு நிமிரும்.

பெண்களிடம் பேச ஒரு பெண் கூட வர வேண்டும். தனியாக ஆண்கள் போய் உட்கார்ந்தால், நீங்கள் எழுந்து போன பிறகு அந்தப் பெண்ணுக்குத்தான் தொல்லை.

3. ஒரு நாற்பது பக்க நோட்டில் இவற்றை எழுதுங்கள்

அவர் சொல்லும் பெயர், தெரிந்த தொழில், யாரைக் கவனித்துக்கொள்கிறார், அவரை யார் நம்புகிறார்கள், இப்போது அவருக்கு என்ன வேண்டும். இவ்வளவு போதும். வீட்டுக்குப் போய் எழுதுங்கள், அவர் முன்னால் எழுதாதீர்கள். போட்டோவும் வேண்டாம்.

தொழில் என்ற வரிதான் எல்லாவற்றையும் திறக்கும். பீடி சுற்றியவர் என்றால் மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் வட்டாரம். கம்பெனியில் பேர் பதிந்து சுற்றியிருந்தால் வருங்கால வைப்புநிதிக் கணக்கு இருந்திருக்கலாம், அதில் பெயரும் ஊரும் இருக்கும். கோரைப்பாய் முடைந்தவர் என்றால் பத்தமடையில் விசாரிக்கலாம். பனையேறியவர் உடன்குடி, திசையன்விளைப் பக்கம். கடலுக்குப் போனவர் உவரி, இடிந்தகரை என்று ஏதோ ஒரு கடற்கரை ஊர், அங்கே ஆலயத்தில் சொன்னால் குடும்பத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. கல்யாணச் சமையலில் இருந்தவர் எந்த மண்டபம், எந்த மேஸ்திரி என்று சொல்வார். ஊர்ப்பெயரைச் சொல்ல மறுப்பவர்கூட மாவு பிசைவதைப் பற்றிக் கேட்டால் தான் நின்ற பரோட்டாக் கடையைச் சொல்லிவிடுவார்.

‘யாரைக் கவனித்துக்கொள்கிறார்’ என்ற வரியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பேருந்து நிலையத்தில் கண் தெரியாத பெரியவரைக் கழிப்பிடத்துக்குக் கைபிடித்துப் போகிறவர், பக்கத்து ஆள் தண்ணீர் பிடிக்கப் போகும்போது மூட்டைக்குக் காவல் இருப்பவர், குடித்துவிட்டு வருகிறவனைப் பெண்கள் படுக்கும் பக்கம் விடாமல் தடுப்பவர் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் இருப்பார். நீங்கள் செய்யப்போகும் எல்லாவற்றிலும் அவரிடம் முதலில் யோசனை கேளுங்கள். புதிதாக வந்தவர் யார், இருமல் யாருக்கு, மூன்று நாளாகச் சாப்பிடாதவர் யார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

தலைக்கு வைத்திருக்கும் மூட்டையையும் கவனியுங்கள், தொடாமல். சிமெண்ட் சாக்கின் வாய் இரண்டாக மடிக்கப்பட்டு, நைலான் கயிறு இழுத்தால் அவிழும் சுருக்காகப் போட்டிருக்கும். உள்ளே சோப்பு டப்பா, சீப்பு, மாற்றுச் சாரம். அதற்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் மடிப்புகள் நைந்துபோன ஒரு குடும்ப அட்டை ஜெராக்ஸோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, பிள்ளையின் போட்டோவோ. மழையிலும் வெயிலிலும் வருஷக்கணக்காக ஒரு காகிதத்தை நனையாமல் காப்பாற்றியவர் அவர். பொறுப்பில்லாதவர் என்று அவரைச் சொல்ல யாருக்கும் வாயில்லை.

அந்தக் காகிதம் தொலைவதுதான் பெரிய இழப்பு. இடத்தைச் சுத்தம் செய்யும்போது மூட்டை குப்பையோடு போய்விடும். அவர் சம்மதித்தால் ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை அவரிடம் கொடுங்கள், ஒன்றை நீங்கள் வையுங்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு நாளைக்குக்கூட.

4. சாப்பாடு

அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. காலை 7 முதல் 10, மதியம் 12 முதல் 3. நெல்லையப்பர் கோயிலில் மதிய அன்னதானம் உண்டு. பகல் சாப்பாட்டுக்கு இவை போதும். இல்லாமல் தவிப்பது இரவில்தான்.

இரவில் நடக்கும் தப்பு ஒன்று: மதியம் கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பார் சாதத்தை ராத்திரி பத்து மணிக்குக் கொண்டுவருவது. நம்மூர் வெக்கையில் சமைத்து நாலு மணி நேரத்துக்குமேல் ஆன சாம்பார் சாதம் கெட்டிருக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் இரவில் திறந்திருக்கும் கழிப்பிடம் தேடி அவர் எங்கே போவார்? எலுமிச்சை சாதம், புளியோதரை, இட்லி பரவாயில்லை. பங்கிடுவதை, மற்றவர்களைக் கவனித்துக்கொள்கிறவர் என்று மேலே சொன்ன அந்த ஆளிடம் விடுங்கள். வண்டியில் இருந்து நீட்டினால் தள்ளுமுள்ளு வரும், வலுவில்லாதவருக்குக் கிடைக்காது. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. கஞ்சி, இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

5. உடம்புக்கு முடியவில்லை என்றால்

மயக்கம், மூச்சுத் திணறல், புழு வைத்த புண் என்றால் 108. சாதாரண நோய்க்குக் காலை எட்டு மணிக்கே அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளி பிரிவுக்குப் போய்விடுங்கள். ஆதார் இல்லை என்பதற்காக வைத்தியம் மறுக்க முடியாது. உள்ளே சேர்க்கும்போது ‘கூட யாரு?’ என்ற கேள்விதான் தடங்கல். உங்கள் போன் நம்பரைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், வார்டு நர்ஸிடம் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள், மறுநாள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்தாலே கவனிப்பு மாறும். டிஸ்சார்ஜ் சீட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள்.

இரண்டு வாரத்துக்குமேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. இலவசம். காசநோய் என்றால் மாத்திரை ஆறு மாதம், விடாமல் சாப்பிட வேண்டும். 2024 நவம்பர் முதல் ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள், அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். சிரங்குக்குக் களிம்பு வாங்கிக் கொடுத்தால் மட்டும் தீராது. பக்கத்தில் படுப்பவர்களும் அன்றைக்கே பூச வேண்டும், துணியும் போர்வையும் வெந்நீரில் அலச வேண்டும். இல்லையென்றால் ஒரே மாதத்தில் திரும்பி வரும்.

6. மனநலம் குன்றியவர்

தனக்குத்தானே பேசுகிறார், பல அடுக்கு உடை போட்டிருக்கிறார் என்பதற்காகக் கிட்டே போகப் பயப்பட வேண்டாம். வணக்கம் சொல்லிவிட்டு இரண்டு கை தூரத்தில் நில்லுங்கள். தினமும் அதே நேரத்தில் போனால் பத்துப் பதினைந்து நாளில் ஏறிட்டுப் பார்ப்பார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் ஆலோசனை கிடைக்கும்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலை, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால் காவல் நிலையத்துக்குப் போங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 100-ஆம் பிரிவின்படி, இப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. நாலு பேர் பிடித்துக்கொண்டு, முடியை மழித்து, தண்ணீர் ஊற்றி, அதை வீடியோ எடுத்துப் போடுவது. அவருக்கு அது தாக்குதல். அதன்பிறகு உதவி என்று வரும் யாரையும் நம்ப மாட்டார், இடத்தை விட்டே போய்விடுவார். குளிக்க, முடி வெட்ட அவராகச் சம்மதிக்கும் நாள் வரும். அன்றைக்குச் சலூனில் உட்கார வைத்துக் காசு கொடுத்து வெட்டுங்கள்.

7. காப்பகம்

நகர்ப்புற வீடற்றோருக்கான தங்கும் இல்லங்கள் மாநகராட்சி வழியாக நடக்கின்றன. தங்கக் கட்டணம் கிடையாது. அவரை அழைத்துப் போவதற்கு முன் நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். கழிப்பறை, பெண்களுக்குத் தனி இடம், மூட்டை வைக்கப் பெட்டி, இரவு எத்தனை மணிக்குக் கதவு அடைப்பார்கள் என்று கேளுங்கள். ‘வரமாட்டேன்’ என்று அவர் சொன்னால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். கணவன் மனைவியைப் பிரித்துத் தங்கவைப்பார்கள் என்ற பயம், வளர்க்கும் நாய், விடியற்காலை மூன்று மணிக்குக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போக வேண்டியது என்று ஏதோ ஒரு நியாயமான காரணம் இருக்கும். ஒரு பகல் போய்ப் பார்க்கட்டும், பிறகு ஒரு ராத்திரி.

8. ஆவணங்கள்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் ஆதார். ‘இல்லை’ என்று சொல்பவரில் பலர் எப்போதோ எடுத்துத் தொலைத்தவர்கள். எடுத்தவரைப் புதிதாகப் பதிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், வாரக்கணக்கில் வீணாகும். முதலில் ஆதார் உதவி எண் 1947-க்குப் பேசுங்கள், அல்லது ஆதார் மையத்தில் கைரேகை வைத்துத் தேடச் சொல்லுங்கள். பீடி, செங்கல், சுண்ணாம்பு வேலை செய்தவருக்கு ரேகை தேய்ந்திருக்கும். கருவிழியை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உண்மையிலேயே இல்லை என்றால் புதிய பதிவு, கட்டணம் கிடையாது. முகவரிச் சான்றுக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளரோ, கெசட்டட் அதிகாரியோ, எம்.எல்.ஏ.வோ, கவுன்சிலரோ ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சான்று தரலாம். லெட்டர்பேடில் எழுதி வாங்கினால் செல்லாது, அந்தப் படிவமேதான் வேண்டும். போட்டோவின் மேல் பாதி விழும்படி முத்திரை இருக்க வேண்டும். சான்று மூன்று மாதம்தான் செல்லும். ஆகவே மையத்தில் நாள் குறித்துவிட்டுச் சான்று வாங்குங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவரின் புதிய பதிவு கூடுதல் சரிபார்ப்புக்குப் போகும், மாதக்கணக்கில் ஆகலாம். ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். உங்கள் போன் நம்பரை அவர் ஆதாரில் இணைக்காதீர்கள். பின்னால் நீங்கள் ஊரில் இல்லையென்றால் அவர் கணக்கும் முடங்கும்.

அடுத்து வங்கிக் கணக்கு. ஆதார் வந்துவிட்டால் ஜன் தன் கணக்கில் இருப்புத் தொகை எதுவும் வேண்டியதில்லை. ஆதார் வருவதற்கு முன்பேகூட, போட்டோ ஒட்டி அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து ‘சிறு கணக்கு’ தொடங்கலாம். இருப்பு 50,000-க்குள், மாதம் எடுப்பது 10,000-க்குள் இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம் நீட்டிப்பார்கள். கவுண்டரில் இது தெரியாது என்பார்கள். மேலாளரிடம் கேளுங்கள்.

மூன்றாவது ஓய்வூதியம். 60 வயதான ஆதரவற்றவருக்கு முதியோர் ஓய்வூதியம், 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாய். ஆதரவற்ற விதவை, கணவனால் கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்குத் தனித்தனித் திட்டங்கள் உண்டு. நாள்பட்ட மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கட்டணம் 10 ரூபாய். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரித்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். விசாரணைக்கு வரும் அன்று ஆள் அந்த இடத்தில் இல்லையென்றால் ‘ஆள் இல்லை’ என்று தள்ளிவிடுவார்கள். வி.ஏ.ஓ.வை முன்பே பார்த்து, எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருப்பார் என்று சொல்லிவிடுங்கள். ‘ஐநூறு கொடுங்க, முடிச்சுத் தாரேன்’ என்று தாலுகா ஆபீஸ் வாசலில் வருகிறவரிடம் ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

இரண்டு மாதமாக நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலை ஒன்பதரைக்குள் போங்கள், மனு இரண்டு பிரதி, ஒப்புகை எண் வாங்காமல் திரும்பாதீர்கள். முதல்வர் உதவி எண் 1100-இலும் புகார் பதியலாம். மனுவில் ‘பிச்சைக்காரர்’ என்று எழுதாமல் ‘முன்னாள் பீடித் தொழிலாளி’, ‘சமையல் தொழிலாளி’ என்று எழுதுங்கள். படிக்கும் அதிகாரியின் கண்ணில் வேறு ஆள் தெரிவார். ஆச்சிகளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போக சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 6. தெருவில் தங்குபவரிடம் முகவரி ஆவணம் கேட்கக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கே தூங்குவதைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதே விதி.

9. வேலை

நோட்டில் எழுதிய தொழிலுக்கே தேடுங்கள். தோசை மாஸ்டராக இருந்தவரைக் கூட்டிப்போய் வாட்ச்மேனாக நிறுத்தினால் மூன்றாம் நாள் வந்துவிடுவார். மண்டபச் சமையல், டீக்கடை, பூக்கட்டுதல், லாரி செட்டில் சுமை ஏற்றுதல் எல்லாம் அன்றாடக் கூலி கிடைக்கும் வேலைகள், ஆரம்பத்துக்கு நல்லவை. அந்த வேலைக்கு மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலி. ‘சாப்பாடு போடுறோம், தங்க இடம் தாறோம்’ என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பவரிடம் விட வேண்டாம். வேலை தருவதாக வேனில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் விஷயத்தில் எச்சரிக்கை: போன் நம்பர், இடம், சம்பளம் எழுதித் தராதவரோடு யாரையும் அனுப்பாதீர்கள். அடைத்து வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் கலெக்டர் அலுவலகத்துக்கே சொல்லுங்கள், கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

10. வீட்டுக்கு அனுப்புவது

அவர் விரும்பினால் மட்டும். முதலில் போனில் பேச வையுங்கள், இரண்டு மூன்று முறை. வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வராதீர்கள். அடிக்குப் பயந்து வந்த பெண்ணை அதே வீட்டில் விடுவது துரோகம், மகளிர் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். பிள்ளைகள் துரத்திவிட்ட முதியவர் என்றால் முதியோர் உதவி எண் 14567. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். வக்கீல் தேவையில்லை. பல பெரியவர்கள் ‘பிள்ளை மேல கேஸ் போடவா?’ என்று மறுத்துவிடுவார்கள். அந்தப் பாசத்தை மதித்து அத்தோடு விடுங்கள்.

11. ஐப்பசிக்கு முன்னால்

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசிக்குள் மூன்று காரியம். ஆவணங்களை ஜிப் கவரில் போடுங்கள். ஆளுக்கொரு தார்ப்பாய் விரிப்பு வாங்குங்கள். போர்வையை விட அதுதான் முக்கியம், நனைந்த போர்வை சளிக்காய்ச்சலில் விடும். குறுக்குத்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை என்று ஆற்றையொட்டிப் படுப்பவர்களிடம், தண்ணீர் ஏறினால் எங்கே போவது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன் வரை வெள்ளம் நின்றது. எந்தப் படி முதலில் முங்கும், எந்தச் சந்து வழியாக மேட்டுக்கு ஏறலாம் என்பது அங்கேயே வருஷக்கணக்காகப் படுப்பவருக்கு அத்துப்படி. அதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அவர் பெயரோடு.